சிகாகோ புல்மன் நடைச்சுற்றுலா: கட்டாயம் போங்கள், பணிப்பெண்களைப் பற்றிக் கேளுங்கள்

சிகாகோவில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது ஏரிக்கரை, மில்லேனியம் பூங்கா, அரோரா பாலாஜி கோயில், லெமாண்ட் கோயில். எல்லாம் நல்ல இடங்கள்தான். அந்த வரிசையில் புல்மனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நகரின் தெற்குக் கோடியில், 111ஆம் தெருவில் இருக்கிறது. ரயில்பெட்டி செய்த ஒரு முதலாளி தன் தொழிலாளர்களுக்காக 1880இல் கட்டத் தொடங்கிய ஊர். இப்போது அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே தனியார் ஒருவர் நடத்தும் நடைச்சுற்றுலாவுக்கு மகன் பதிவு செய்து கொடுத்தான்; போய்வந்தேன். அதன் விமர்சனம் இது. சிறிய அளவில் நடத்துகிறவர், நான் குறையும் சொல்லப்போகிறேன். அதனால் அவர் பெயர் இங்கே வேண்டாம்.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பக்கம் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரெக்சின் ரோல், ஃபோம், நூல்கண்டு, கொக்கி, ஸ்க்ரூ என்று எண்ணி எடுத்துக் கொடுத்தே சர்வீஸ் முடிந்தது. சங்கத்துக்கு ஒழுங்காகச் சந்தா கட்டியிருக்கிறேன், கேட் மீட்டிங்கில் வெயிலில் நின்றிருக்கிறேன். பெட்டித் தொழிற்சாலை, குவார்ட்டர்ஸ், சங்கம் இந்த மூன்றும் எனக்குப் பழகியவை. அதனால் இந்தச் சுற்றுலாவில் மற்றவர்கள் கட்டடத்தைப் பார்த்த இடத்தில் நான் சம்பளத்தையும் வாடகையையும் பார்த்தேன். என் மதிப்பீட்டில் அந்தச் சாய்வு இருக்கும்.

போகிற வழி சுலபம். மில்லேனியம் ஸ்டேஷனில் மெட்ரா எலக்ட்ரிக் வண்டி ஏறினால் 111ஆம் தெரு நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம். எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை. அட்டவணையைப் பார்த்து ஏறுங்கள். இறங்கியதும் மணிக்கூண்டு கண்ணில் படும். அதுதான் பழைய கம்பெனி நிர்வாகக் கட்டடம். 1998இல் யாரோ தீ வைத்ததில் பெரும்பகுதி எரிந்துபோய், பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். 2021இலிருந்து பார்வையாளர் மையமாக இயங்குகிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, கழிப்பறை வசதி உண்டு. நடைக்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள், வழியில் வேறு வசதி எதிர்பார்க்க முடியாது.

சுற்றுலாக் கட்டணம் ஒருவருக்கு 25 டாலர், மூத்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டரை மணி நேரம். ஒரு டஜன் பேர் இருந்தோம். வழிகாட்டி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வெள்ளைக்காரர். நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். அமெரிக்க ஆங்கிலம் காதில் ஓடிவிடும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதில்லை. கையில் ஒரு பெரிய ஃபைல் வைத்திருக்கிறார், ஒவ்வோர் இடத்திலும் அதிலிருந்து ஒரு நகலை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். அந்தத் தாள்களுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன்.

முதல் ஒரு மணி நேரம் ஊர். 111ஆம் தெருவில் அதிகாரிகளின் பெரிய வீடுகள், உள்ளே போகப் போக ஃபோர்மன் வீடுகள், அப்புறம் தொழிலாளர்களின் செங்கல் வரிசை வீடுகள், கடைசியில் கூலிகள் நெருக்கியடித்து இருந்த அடுக்குக் குடியிருப்பு. ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் சம்பளம் தெரிந்துவிடும். முதலாளி ஜார்ஜ் புல்மன் தன் மகள் பெயரில் கட்டிய ஃப்ளாரன்ஸ் ஹோட்டலைக் காட்டினார். ஊரிலேயே மது கிடைத்த ஒரே இடம் அதுதானாம், விருந்தாளிகளுக்காக. தொழிலாளிக்கு ஊரில் சாராயக் கடை கிடையாது. பச்சைக் கல்லில் கட்டிய தேவாலயம் அழகோ அழகு. அதற்கும் வாடகை. கட்ட முடியாமல் எந்தச் சபையும் வராததால் வருடக்கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது. நூலகத்துக்கும் கட்டணம். ஊரில் வீட்டையோ நிலத்தையோ யாரும் சொந்தமாக வாங்க முடியாது.

அந்தத் தேவாலயத்தின் எதிரே நின்றுகொண்டு வழிகாட்டி சொன்ன ஒரு செய்திதான் இந்தச் சுற்றுலாவின் மிகச் சிறந்த கணம். 1893 வாக்கில் இந்த ஊரில் 12,000க்கும் மேல் மக்கள் இருந்தார்கள். ஜெர்மன்காரர், ஸ்வீடன்காரர், டச்சுக்காரர், ஐரிஷ்காரர் என்று எத்தனையோ தேசத்தார். கறுப்பினத்தவருக்கு மட்டும் இடமில்லை. வீடும் கிடையாது, பெட்டி செய்யும் பட்டறையில் வேலையும் கிடையாது. ஆனால் இங்கே செய்த அதே படுக்கைப் பெட்டிகள் தண்டவாளத்தில் ஏறியதும், அதில் படுக்கை விரிக்க, செருப்புக்குப் பாலிஷ் போட, பயணிகளின் சாமான் தூக்க கம்பெனி தேடித் தேடி எடுத்தது கறுப்பின ஆண்களைத்தான். அடிமைமுறை ஒழிந்த கையோடு, முன்பு அடிமைகளாக இருந்தவர்களையே எடுத்தார்கள். பெட்டி செய்கிறவர் ஒரு நிறம், பெட்டியில் ஊழியம் செய்கிறவர் இன்னொரு நிறம், இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே கம்பெனி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மனிதர் வேலைநிறுத்தக் கதைக்கே போனார். நல்ல ஆசிரியர் செய்கிற வேலை.

1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவு. ஆர்டர் குறைந்தது. கம்பெனி சம்பளத்தைச் சராசரியாக நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெட்டியது. வீட்டு வாடகையை ஒரு காசும் குறைக்கவில்லை. பேசப் போன தொழிலாளர் குழுவில் இருந்தவர்களில் மூன்று பேர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். 1894 மே 11 அன்று வேலைநிறுத்தம் ஆரம்பம்.

இந்த இடத்தில் ஃபைலிலிருந்து வந்தது ஜெனி கர்டிஸ் என்ற பெண்ணின் சாட்சியம். எனக்கு அதுவரை அந்தப் பெயரே தெரியாது. தையல் பிரிவில் வேலை பார்த்தவர், அங்கிருந்த பெண்கள் சங்கக் கிளையின் தலைவி. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவின் முன் நின்று தன் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் புல்மன் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூன்று மாதம் நோயில் கிடந்து இறந்துபோனார். இறக்கும்போது வாடகை பாக்கி சுமார் 60 டாலர். அதை நீதான் கட்ட வேண்டும் என்று மகளிடம் கம்பெனி சொல்லிவிட்டது. இரண்டு வாரம் தைத்தால் கைக்கு வருவது 9 அல்லது 10 டாலர். தங்கிச் சாப்பிட 7 டாலர் போக, மிஞ்சும் இரண்டு மூன்று டாலரைச் செத்துப்போன அப்பாவின் வாடகைக்குக் கட்டியிருக்கிறார். வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றைக்கும் 15 டாலர் பாக்கி.

அந்தத் தாளை நான் இரண்டு தடவை வாசித்தேன். தையல் பிரிவுக்கு நூலும் துணியும் கொடுத்த கை என்னுடையது. ஒரு சீட் கவருக்கு எத்தனை மீட்டர் போகும், எத்தனை கவர் வீணாகும் என்று எனக்குத் தெரியும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ரேட்டைக் குறைத்தால் அவர் செய்ய முடிவது ஒன்றுதான், இன்னும் வேகமாகத் தைக்க வேண்டும். வேகமாகத் தைத்தால் அதைக் காட்டியே ரேட்டை மறுபடி குறைப்பார்கள். முன்பு நாளுக்கு 2.25 டாலர் சம்பாதித்த கைகள் வெட்டுக்குப் பிறகு 70, 80 சென்ட்டில் நின்றன என்பது அவருடைய சாட்சியம். இதை எழுதிவைத்த அரசாங்க அறிக்கை இருப்பதால்தான் அந்தப் பெண்ணின் குரல் நமக்குக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு வரலாற்றில் அவர் பெயர் அநேகமாக இல்லை.

1894 ஜூனில் சிகாகோவில் அமெரிக்க ரயில்வே சங்கத்தின் மாநாடு கூடியது. யூஜின் டெப்ஸ் தலைமையில் முந்தின வருடம்தான் ஆரம்பித்த சங்கம். தச்சர், கொல்லர், தையல்காரி, சிக்னல்காரர் என்று பிரிவு பார்க்காமல் ரயில்வேயில் வேலை பார்க்கும் எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பெண்களும் உறுப்பினர்கள். ஜெனி கர்டிஸ் அந்த மேடையில் ஏறிப் பேசினார். கூட்டம் உருகிப்போனது. புல்மன் பெட்டி கோத்த எந்த வண்டியையும் கையாள மாட்டோம் என்ற முடிவை அவர்கள் எடுத்ததில் அந்தப் பேச்சுக்குப் பங்கு உண்டு.

அதே மாநாடு, அதே பிரதிநிதிகள், கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்றும் ஓட்டெடுத்தது. வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான் சேரலாம் என்று சங்க விதி இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி டெப்ஸே வாதாடினார். 112க்கு 100. விதி அப்படியே நின்றது. பன்னிரண்டு ஓட்டு!

வழிகாட்டி இந்த எண்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். சரியாகச் செய்தார். எல்லோரும் யோசிக்கட்டும். புல்மன் கம்பெனியை எதிர்த்து நடந்த மாபெரும் போராட்டத்தில், அதே கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் ஊழியம் செய்த போர்ட்டர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தையல்காரிக்காக அழுத அதே மனிதர்கள்தான் நிறத்தைச் சொல்லிக் கதவை மூடினார்கள். பழைய ரயில்வே சகோதரத்துவச் சங்கங்கள், அதாவது எஞ்சின் ஓட்டுநர், ஃபயர்மேன், கண்டக்டர் சங்கங்கள், இவர்களுக்கு முன்பே இதே விதியை வைத்திருந்தன. பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டும் இருந்தன. ஆக அந்தக் காலத்துக் கறுப்பின ரயில்வேத் தொழிலாளிக்கு முதலாளியும் ஆள் இல்லை, சங்கமும் ஆள் இல்லை.

மிச்சக் கதை பள்ளிப் பாடத்தில் வருவதுதான். ஜூன் 26இல் புறக்கணிப்பு தொடங்கியது. ஜனாதிபதி கிளீவ்லாந்து ஜூன் 28இல் தொழிலாளர் தினத்தை அரசு விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் போவதற்குள் சிகாகோவுக்கு ராணுவத்தை அனுப்பினார். ஆட்கள் செத்தார்கள், போராட்டம் நொறுங்கியது, டெப்ஸ் சிறைக்குப் போனார்.

இதுவரைக்கும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அதன் பிறகு வடக்கே நடக்க ஆரம்பித்தோம். 104ஆம் தெருப் பக்கம் போர்ட்டர் சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் பெயரில் புல்மன் போர்ட்டர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 1995இல் தொடங்கப்பட்டது. வருடம் முழுவதும் திறந்திருப்பதில்லை, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிட நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோலைக் கொண்டுபோங்கள், நடுவில் உட்கார இடம் இல்லை. எங்கள் சுற்றுலா அருங்காட்சியகத்துக்கு உள்ளே போவது அல்ல. வெளியே நின்று கதை கேட்டுவிட்டு முடிந்துவிடும். உள்ளே போக விரும்புகிறவர்கள் தனியாகப் போக வேண்டும். இதைப் பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

போர்ட்டர் கதையை அவர் நன்றாகச் சொன்னார். 1920களில் சுமார் 12,000 கறுப்பின ஆண்கள் இந்த வேலையில். மாதச் சம்பளம் 67.50 டாலர். அதற்கு மாதம் 400 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அல்லது 11,000 மைல் ஓட வேண்டும். வண்டி புறப்படும் முன் பெட்டியைத் தயார் செய்யும் நேரத்துக்குக் கூலி இல்லை. பாலிஷ் கைக்காசில் வாங்க வேண்டும். மீதி வாழ்க்கை டிப்ஸில். பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் முதலாளி பெயரைச் சொல்லி 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள், அடிமையை எஜமானன் பெயரால் கூப்பிட்ட அந்தப் பழைய வழக்கப்படி. ஒரு பாட்டில் பீரை எப்படித் திறந்து, எப்படி வைத்து, எப்படி ஊற்ற வேண்டும் என்று கம்பெனி விதிப்புத்தகத்தில் படிப்படியாக எழுதியிருக்கிறது.

எனக்கு மறக்காத விவரம் கம்பளி. போர்ட்டர் போர்த்திக்கொள்ளும் கம்பளி நீல நிறம். பயணிக்கு வேறு நிறம். ஒருவர் போர்த்தியதை இன்னொருவர் தவறிக்கூடப் போர்த்திவிடக் கூடாது என்பதற்காக. ஸ்டோர்ஸில் இருந்தவள் என்பதால் இது எனக்குள் வேறு மாதிரி இறங்கியது. யாரோ ஒரு கிளார்க் நீலக் கம்பளி இத்தனை, மற்றது இத்தனை என்று இண்டென்ட் போட்டிருப்பார். தனித்தனி அலமாரி, தனித்தனி லெட்ஜர் பக்கம். ஒரு நாட்டின் நிறவெறி அன்றாடம் நடப்பதற்கு இப்படிப்பட்ட சாதாரணக் கையெழுத்துகள்தான் தேவைப்படுகின்றன.

1925 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க் ஹார்லெமில் போர்ட்டர்கள் சங்கம் தொடங்கினார்கள். ராண்டால்ஃப் போர்ட்டர் அல்ல, பத்திரிகைக்காரர். கம்பெனியால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது, அதனாலேயே அவர் தலைவர். சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர் ஆட்களைச் சேர்த்தார். கம்பெனி ஆள் வைத்து உளவு பார்த்தது, சங்கத்தில் சேர்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியது, உன் இடத்தில் ஃபிலிப்பினோக்களைப் போடுகிறேன் என்று மிரட்டி அப்படிச் சிலரை எடுக்கவும் செய்தது. பன்னிரண்டு வருடம் இழுத்து, 1937 ஆகஸ்ட் 25 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மாதம் 400 மணி நேரம் 240 ஆனது. அமெரிக்காவின் பெரிய கம்பெனி ஒன்று கறுப்பினத்தவர் சங்கத்தோடு உட்கார்ந்து போட்ட முதல் ஒப்பந்தம் என்று சொல்லி முடித்தார். எல்லோரும் கை தட்டினோம். தட்ட வேண்டிய விஷயம்தான்.

கை தட்டி ஓய்ந்ததும், "பணிப்பெண்களும் இருந்தார்கள், அவர்களும் சங்கத்தில் இருந்தார்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஃபைலை மூடிவிட்டார். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "நல்ல கேள்வி, ஆனால் நேரமாகிவிட்டது" என்றார். இதுதான் என் குறை. சின்னக் குறை என்று நான் நினைக்கவில்லை. யாரைச் சேர்த்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்ற கேள்வியை 112க்கு 100 என்று எண் சொல்லி அத்தனை நேர்மையாக எழுப்பியவர், அதே கேள்வி பெண்கள் விஷயத்தில் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். புல்மன் பெட்டிகளில் கறுப்பினப் பெண்கள் பணிப்பெண்களாக வேலை பார்த்தார்கள். பணக்காரப் பெண் பயணிகளுக்குத் தலைவாருவது, நகம் சீர்செய்வது, குளிக்க உதவுவது, கைக்குழந்தையை வைத்துக்கொள்வது, உடம்பு சரியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் வேலை. போர்ட்டரைப் போலவே வீட்டை விட்டு நாள்கணக்கில் ஓட்டம். எண்ணிக்கையில் குறைவு, சில நூறு பேர். 1925இல் தொடங்கிய சங்கத்தின் பெயரே 'படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்கள் மற்றும் பணிப்பெண்கள் சகோதரத்துவம்' என்றுதான் இருந்தது. நாலு வருடத்தில், 1929இல், அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்கிற சமயத்தில், பெயரிலிருந்து பணிப்பெண்கள் நீக்கப்பட்டார்கள். 1937 ஒப்பந்தம் பணிப்பெண்களுக்கும் பொருந்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயர் மட்டும் திரும்பி வரவில்லை.

சங்கத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் மகளிர் துணை அமைப்பு. போர்ட்டர்களின் மனைவிகள், உறவுப் பெண்கள். விருந்து நடத்திக் காசு சேர்த்தார்கள், ரகசியமாகச் சந்தா வாங்கினார்கள், துண்டுப் பிரசுரம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கம்பெனி ஒற்றர்கள் ஆண்களைத்தான் கவனித்தார்கள் என்பதால் பல ஊர்களில் சங்கம் பிழைத்ததே இந்தப் பெண்கள் கையால்தான். வாஷிங்டனில் ரோசினா டக்கர் என்பவர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். கம்பெனிக்குத் தெரிந்து அவர் கணவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. அந்த அம்மா நேரே அதிகாரியின் அறைக்குப் போய், மேசையைத் தட்டி, நான் செய்வதற்கும் என் கணவர் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 105 வயது வரை வாழ்ந்தார். 1938இல் துணை அமைப்பு தேசிய அளவில் உருவானபோது சிகாகோவின் ஹெலினா வில்சன் அதன் தலைவி. இந்தச் சிகாகோவின்! அவர் வாழ்ந்த ஊரில் நடக்கும் சுற்றுலாவில் அவர் பெயர் வரவில்லை.

ஃபிரான்சஸ் ஆல்பிரியரையும் சொல்லலாம். 1920களின் பிற்பகுதியில் புல்மன் வண்டிகளில் பணிப்பெண், சங்க உறுப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியா ரிச்மண்டில் கைசர் கப்பல் தளத்துக்கு வெல்டர் வேலை கேட்டுப் போனார். பயிற்சி எல்லாம் முடித்தவர். அங்கே கொதிகலன் தொழிலாளர் சங்கம் கறுப்பினத்தவரை நேரடியாகச் சேர்க்காது. தனியாக ஒரு துணைச் சங்கத்தில் ஒதுக்கிவைத்திருந்தது. முதலில் வேலை மறுக்கப்பட்டு, விடாமல் சண்டை போட்டு 1942இல் வாங்கினார். கறுப்பினம் என்று ஒரு பூட்டு, பெண் என்று இன்னொரு பூட்டு. அவர் இரண்டையும் உடைக்க வேண்டியிருந்தது.

ராண்டால்ஃபிடம் எனக்கு மரியாதை குறையவில்லை. 1941இல் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவேன் என்று சொல்லியே ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைப் பணியவைத்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் நிறபேதம் கூடாது என்ற ஆணையை வாங்கியவர். அப்படிப்பட்டவர் 1963இல், கறுப்பினத்தவரின் வேலைக்கும் உரிமைக்கும் நடந்த வாஷிங்டன் ஊர்வலத்துக்கு முன், தேசிய பத்திரிகையாளர் மன்றத்தில் பேச ஒப்புக்கொண்டார். அந்த மன்றத்தில் பெண் நிருபர்களுக்கு உறுப்பினராக இடமில்லை. மாடத்தில் நின்று கேட்டுக்கொள்ளலாம். கறுப்பினத்தவரைப் பேருந்தில் பின்னால் உட்காரச் சொல்வதும் பெண்களை மாடத்தில் நிற்கச் சொல்வதும் ஒன்றுதானே என்ற ரீதியில் வழக்கறிஞர் பாலி மரே அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். ராண்டால்ஃப் போய்ப் பேசினார். ஊர்வல ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா அர்னால்ட் ஹெட்ஜ்மன், முக்கியப் பேச்சாளர் வரிசையில் பெண்களே இல்லை என்று குழுவுக்குள்ளேயே எதிர்ப்புத் தெரிவித்தார். வாசலில் நிறுத்தப்பட்டு அந்த வலியை அறிந்த மனிதரே அடுத்தவரை வாசலில் நிறுத்துகிறார் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். எங்கள் சங்கத்திலும் மேடை நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள், தேநீர் யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் குழுவில் என் வயதுடைய கறுப்பின அம்மா ஒருவர் இருந்தார். நான் கேள்வி கேட்டதைக் கவனித்துவிட்டு, திரும்பி நடக்கும்போது என் பக்கம் வந்து பேச ஆரம்பித்தார். அவர் தாத்தா சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் வண்டியில் போர்ட்டர். பாட்டி ஹைட் பார்க்கில் ஒரு வீட்டில் சமையல். "1937இல் தாத்தாவுக்கு மணிக்கணக்கு வந்தது. பாட்டிக்கு மணிக்கணக்கே கிடையாது. அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை வேலைதான்" என்றார்.

அந்த ஒரு வீட்டிலேயே முழுக் கதையும் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டங்களில் பெருமையாகச் சொல்லப்படுபவை எல்லாம் 1930களில் வந்தவை. சங்கம் வைக்கும் உரிமைக்கான சட்டம் 1935, சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935, குறைந்தபட்சக் கூலியும் வேலை நேரமும் வகுத்த சட்டம் 1938. மூன்றுமே இரண்டு வகைத் தொழிலாளர்களை வெளியே விட்டன: வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் தெற்கு மாநிலங்களில் வயலில் இருந்தது யார், நாடெங்கும் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் இருந்தது யார் என்று ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அப்போது வீட்டு வேலையில் இருந்தார்கள். தெற்கத்திய உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எதுவும் நகராத காலம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களை எட்டியது 1974இல். சங்கம் வைக்கும் உரிமைச் சட்டம் இன்றைக்கும் வயலையும் வீட்டையும் சேர்க்கவில்லை.

சுற்றுலாவில் 1935 சட்டத்தைப் பற்றி வழிகாட்டி ஆர்வமாகச் சொன்னார். யாரை விட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கி ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: ஊரைப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடம் குறைத்து, அதைப் பணிப்பெண்களுக்கும் துணை அமைப்புக்கும் கொடுங்கள், ஜெனி கர்டிஸின் தாள் இருப்பது போல ரோசினா டக்கருக்கும் ஒரு தாள் ஃபைலில் வையுங்கள் என்று. மறுநாளே பதில் வந்தது; அடுத்த பருவத்துக்கு யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள். மரியாதையான பதில்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஃபைலுக்கும் பொறுமைக்கும் ஒன்று கூடுதலாகவே கொடுத்திருப்பேன், அந்தக் கடைசி ஒற்றை வரி தடுக்கிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்கிறவர்கள் தேசியப் பூங்கா மையத்தில் இலவசமாகப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் ரேஞ்சர்களிடம் வரைபடம் வாங்கிக்கொண்டு தாங்களாகவே தெருக்களைச் சுற்றலாம். காலையிலேயே போய் ஊரை முடித்துக்கொண்டு, போர்ட்டர் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள் அதிகம் இல்லை, நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். மே கடைசி முதல் அக்டோபர் நடுவரை தோதான காலம். இதே சுற்றுலாவில் போகிறவர்கள் தேவாலயத்தின் எதிரே நிற்கும்போதே, நேரம் மிச்சமிருக்கையிலேயே, பணிப்பெண்களைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த பருவத்தில் ஃபைலில் அந்தத் தாள் வந்துவிடும்.